மார்ச் பந்தயத்தை விடுங்கள், சைக்கிளை விடாதீர்கள்

கேள்வி: மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு வயது 44. கோவையில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை. கல்லூரி நாட்களில் சைக்கிள் பந்தயம் ஓட்டினேன். மாவட்ட அளவில் சில பரிசுகள், பல்கலைக்கழக அணியில் இரண்டு வருடம். 26 வயதில் வேலை, கல்யாணம் என்று நின்றுபோனது. போன செப்டம்பரில் மகளை அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டிக்கு அழைத்துப் போனேன். கொடி அசைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று மிதித்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அடுத்த வாரமே ஒரு செகண்ட் ஹேண்ட் கார்பன் ரோடு பைக் வாங்கிவிட்டேன். பரணில் இருந்த பழைய ஹெல்மெட்டையும் இறக்கினேன். மூன்று மாதமாக வாரம் ஐந்து நாள் ஓட்டுகிறேன், ஐந்து நாளும் முழு வேகத்தில். அரிசியை நிறுத்திவிட்டேன். காலையில் காப்பி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். அன்று 61 கிலோ, இன்று 79. அன்று 40 கி.மீ. தூரத்தை 1 மணி 2 நிமிடத்தில் முடித்தவன், இன்று 1 மணி 24 நிமிடம். இடது முழங்காலில் முன்பக்கம் வலி. மார்ச்சில் ஒரு 60 கி.மீ. அமெச்சூர் பந்தயம் இருக்கிறது. அதற்குள் பழைய வேகம் வருமா? என்ன பயிற்சி செய்ய வேண்டும்? மனைவி, "இந்த வயதில் இது தேவையா?" என்கிறாள். பி.கு.: மருதமலை ஏற்றத்தில் இரண்டு முறை தாடையில் ஒரு மாதிரி இறுக்கம் வந்தது, நின்றதும் போய்விட்டது. வாயுவாக இருக்கும். என் அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனதால் மனைவி பயப்படுகிறாள்.

- வாசகர், கோவை

பதில்: நண்பரே, வேகம், எடை, முழங்கால் எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, தாடை இறுக்கத்தையும் அப்பாவின் மரணத்தையும் பின்குறிப்பில் வைத்திருக்கிறீர்கள். விளையாட்டு மருத்துவனாக நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடிதம் கைக்கு வந்த அன்றே, சைக்கிளைத் தொடாமல் மறுநாளே இதய மருத்துவரைப் பாருங்கள் என்று உங்களுக்குத் தனியாக எழுதினேன். நீங்களும் போய்வந்து, இசிஜி நார்மல் என்றும், அடுத்த வாரம் டிஎம்டிக்கு (டிரெட்மில்லில் ஓடவிட்டு இசிஜி பார்க்கும் பரிசோதனை) நாள் குறித்திருக்கிறார்கள் என்றும் பதில் போட்டீர்கள். உடனே போனதற்கு நன்றி. ஆனால் "இசிஜி நார்மல், மனசு லேசாகிவிட்டது" என்று எழுதியிருந்தீர்களே, அதில்தான் எனக்குக் கவலை.

படுத்துக்கொண்டு எடுக்கும் இசிஜி, இதயம் ஓய்வில் இருக்கும் அந்தச் சில விநாடிகளைத்தான் காட்டும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புப் படிந்து பாதை சுருங்கியிருந்தாலும், ஓய்வில் தேவை குறைவு என்பதால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது இதயத் தசை கேட்கும் ரத்தம் பல மடங்கு கூடுகிறது. அப்போது வேண்டிய அளவு வந்து சேராவிட்டால் இறுக்கம் வரும். அது நெஞ்சில்தான் வர வேண்டும் என்றில்லை. தாடை, தொண்டை, இடது கை, தோள்பட்டைகளுக்கு நடுவே, மேல்வயிறு என்று எங்கும் வரலாம். உழைக்கும்போது வந்து, நின்ற சில நிமிடங்களில் போய்விடும் இறுக்கத்தை, வேறு காரணம் என்று நிரூபணம் ஆகும்வரை, இதயத்தின் குரலாகத்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். வாயு ஏற்றத்தில் மட்டும் வந்து, பிரேக் பிடித்ததும் போகாது. இதுவரை இல்லாமல் புதிதாகத் தொடங்கியிருக்கும் இறுக்கம் என்பதால் தள்ளிப்போடவும் கூடாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தெற்காசியர்களுக்கு இதயக் குழாய் நோய் மற்றவர்களைவிடச் சுமார் பத்து ஆண்டு முன்னதாகவே வருகிறது. தந்தையோ உடன்பிறந்த ஆணோ 55 வயதுக்குள் மாரடைப்பு கண்டிருந்தால் ஆபத்து மேலும் கூடுகிறது. உங்கள் அப்பாவுக்கு 52. இளமையில் பந்தயம் ஓட்டியது இன்றைக்குக் காப்பாக நிற்காது; பதினெட்டு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்ததில் அந்தச் சேமிப்பு கரைந்துபோயிருக்கும். கொலஸ்ட்ரால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். குடும்பத்தில் இவ்வளவு சீக்கிரம் மாரடைப்பு வந்திருப்பதால் லைப்போபுரோட்டீன் (ஏ) என்ற, ரத்தத்தில் ஒருவகைக் கொழுப்புத் துகளை அளக்கும் பரிசோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளலாம். அது பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருதடவை பார்த்தால் போதும்.

டிஎம்டி அன்று ஒரு விஷயத்தைச் சொல்ல மறக்காதீர்கள். வயதைக் கணக்கிட்டு, இவ்வளவு இதயத்துடிப்பு வந்தால் போதும் என்று டிரெட்மில்லை நிறுத்திவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உங்களுக்கோ இறுக்கம் வருவது முழு உழைப்பின்போதுதான். அதனால், "நான் பந்தய வேகத்தில் சைக்கிள் ஓட்டுகிறவன், கடும் ஏற்றத்தில்தான் தாடை இறுக்கம் வருகிறது" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அறிகுறி தெரியும்வரை அல்லது உங்களால் முடிகிறவரை ஓடவிட்டுப் பார்க்கலாமா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்வார். டிஎம்டி முடிவு தெளிவாக இல்லை என்றோ, உங்கள் அறிகுறிகளையும் குடும்ப வரலாற்றையும் வைத்தோ, இதயக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னால், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் ஓய்வாக இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, நின்ற பிறகும் விடாமல் இருந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வண்டியை எடுத்துக்கொண்டு நீங்களே கிளம்பாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

இனி நான் எழுதுவதெல்லாம், இதயம் நன்றாக இருக்கிறது என்று அவர் எழுத்தில் கொடுத்த பிறகு செய்ய வேண்டியது. ஏதாவது அடைப்பு இருந்து சிகிச்சை செய்தாலும் சைக்கிளுக்கு அதோடு முடிவு என்று நினைக்க வேண்டாம். ஸ்டென்ட் வைத்த பிறகு படிப்படியாக மீண்டு நன்றாக ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அப்போது பந்தயம் ஓட்டலாமா என்பதை அவரும் நீங்களும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும், நான் இங்கிருந்து சொல்லக் கூடாது.

சரி, உங்கள் முதல் கேள்வி: மார்ச்சுக்குள் பழைய வேகம் வருமா? வராது. காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 1 மணி 2 நிமிடம் என்றால் மணிக்குச் சுமார் 38.7 கி.மீ., 1 மணி 24 நிமிடம் என்றால் 28.6. பத்து கி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். சமதளத்தில் சைக்கிளுக்குப் பெரிய எதிரி காற்று. அதைப் பிளக்க ஆகும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவே காற்றுக்காக மட்டும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சக்தி தேவை. மூன்று மாதத்தில் எந்த உடம்பும் அதைத் தராது. ஆனால் 1 மணி 16 நிமிடத்துக்கு வர சுமார் 35 சதவீதம் கூடுதல் சக்தி போதும், அதில் ஒரு பங்கைக் குனிந்து உட்காரும் நிலையைச் சரிசெய்வதிலேயே பெற்றுவிடலாம். வயிறு கொஞ்சம் குறைந்து, முழங்கையை மடித்து, தலையைத் தாழ்த்தி ஓட்டப் பழகுங்கள். உங்கள் முதல் எட்டு நிமிடத்தில் ஒரு பங்கு அங்கேதான் கிடைக்கப்போகிறது.

பதினெட்டு வருடத்தில் உடம்பில் எது போனது, எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயிற்சியின் அர்த்தம் புரியும். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, பயிற்சி இல்லாதவர்களுக்குப் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் இறங்குகிறது. விடாமல் கடுமையாக ஓட்டுகிறவர்களுக்கு இந்த இறக்கம் கணிசமாகக் குறைவு. உங்களுக்கு வயதும் சேர்ந்தது, ஓட்டாததும் சேர்ந்தது. ஓட்டாததால் போனதில் பெரும்பங்கு திரும்பும், வயதால் போனது அந்த அளவுக்குத் திரும்பாது. திரும்புவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. ரத்தத்தின் அளவு ஓரிரு வாரத்திலேயே கூடத் தொடங்கும். தசைக்குள் ஆக்சிஜனை எரிக்கும் அமைப்புகள் சில வாரங்களில் பெருகும். பழைய பயிற்சி உருவாக்கிய கூடுதல் உட்கருக்கள் தசை இழைகளில் நீண்ட காலம் தங்கியிருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, அதனால் தசையும் புதியவர்களைவிட வேகமாகத் திரும்பக்கூடும். தசைநாண்கள் மட்டும் மெதுவாக, மாதக்கணக்கில்தான் தேறும். எலும்பு அதைவிட மெதுவாக. மூச்சும் தொடையும் "போதும், தயார்" என்று சொல்லும்போது முழங்கால் நாண் இன்னும் பாதி வழியில் இருக்கும். திரும்பி வருகிற பழைய பந்தயக்காரர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் அடிபடுகிறார்கள். உங்கள் இடது முழங்காலும் அங்கேதான் மாட்டியிருக்கிறது.

வலி முழங்காலின் முன்பக்கம் என்கிறீர்கள். முன்பக்க வலி என்றால் முதலில் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று பார்ப்போம், பின்பக்கம் என்றால் உயரமாக இருக்கிறதா என்று. சீட்டில் உட்கார்ந்து, ஓட்டும்போது போடும் ஷூவோடு குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டுவாருங்கள். கால் அப்படியே நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முட்டியில் ஒரு சிறு மடிப்பு தானாக வந்துவிடும். சுமார் 25 முதல் 35 டிகிரி இருந்தால் சரி. சீட்டை உயர்த்த வேண்டியிருந்தால் ஒரே நாளில் ஒரு அங்குலம் உயர்த்தாதீர்கள். ஐந்து மில்லிமீட்டராக ஏற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் கியர். அந்த நாளில் பெரிய கியரைப் போட்டு நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பதுதான் ஆண்மை என்று பலருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படி மிதித்தால் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி தாங்கும் அழுத்தம் கூடுகிறது. கியரைக் குறைத்து 85-90 சுற்றுக்கு வாருங்கள். முதல் இரண்டு வாரம் மூச்சு வாங்கும். பிறகு பழகிவிடும்.

வாரம் இரண்டு நாள் கால் வலுப்பயிற்சி வேண்டும். சைக்கிளில் உடல் எடையைத் தாங்கும் வேலை எலும்புக்கு இல்லை. பல வருடம் ரோடு பைக் மட்டுமே ஓட்டியவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் பார்த்த விஷயம். 44 வயதில் விழுந்தால் அது முக்கியம். உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் படியிலிருந்து மெதுவாக இறங்குவது, எடை தூக்குவது, வலி அடங்கியதும் கொஞ்சம் கயிறு தாண்டுவது. ஜிம்முக்குப் போக நேரமில்லை என்றால் மில்லின் மாடிப்படி போதும். நாண் வலிக்கு முழு ஓய்வு மருந்தல்ல, அளவான சுமைதான் மருந்து. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை வலி இருந்து, மறுநாள் காலை அது கூடாமல் இருந்தால் தொடரலாம். கூடினால் சுமை அதிகம் என்று அர்த்தம்.

வாரம் ஐந்து நாளும் முழு வேகத்தில் என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்களை மெதுவாக்குகிறது. ஒவ்வொரு நாளும் அரைகுறைக் களைப்போடு ஓட்டினால், கடினமாக ஓட்ட வேண்டிய நாளில் கடினமாக ஓட்ட முடியாது. இருபது வயதில் ஒரே இரவில் தேறிய உடம்பு இன்று 48 மணி நேரம் கேட்கும், சில சமயம் அதற்கும் மேல். அதனால் பெரும்பாலான நாட்களில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். எவ்வளவு மெதுவாக என்று கேட்பீர்கள். பக்கத்தில் வருபவரிடம் நேற்றைய மேட்சைப் பற்றி முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், மூச்சுக்காக நடுவில் நிறுத்தக் கூடாது. 220லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை நம்பி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டாம். அந்தக் கணக்கு ஒருவருக்கு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு பிசகலாம். பேச்சுதான் நம்பகமானது. மகள் செப்டம்பரில் பந்தயம் ஓட்டியவள் என்கிறீர்கள். ஞாயிறு காலை அவளோடு, அவள் வேகத்தில் ஓட்டுங்கள். உங்கள் மெதுவான நாளுக்கு அதைவிடச் சரியான வேகம் அமையாது.

இந்த இடத்தில் ராபர்ட் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1911இல் பிறந்தவர். இளமையில் சைக்கிள் ஓட்டி, பல பத்தாண்டுகள் விட்டுவிட்டு, அறுபதைத் தாண்டிய பிறகு மறுபடி ஏறியவர். 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கி.மீ. ஓட்டினார். இரண்டு வருடம் கழித்து 102 வயதில் 26.9 கி.மீ. ஓட்டினார். வயது கூடக் கூட வேகமும் கூடியது! வெரோனிக் பில்லா என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு அவரை 101க்கும் 103க்கும் இடையில் அளந்து பார்த்தது. உச்ச ஆக்சிஜன் அளவு (ஒரு கிலோ எடைக்கு, நிமிடத்துக்கு) 31 மில்லிலிட்டரிலிருந்து 35க்கும், உச்ச சக்தி 90 வாட்டிலிருந்து 125க்கும் ஏறியிருந்தது. பயிற்சி வருடத்துக்கு 5,000 கி.மீ. அதில் 80 சதவீதம் லேசாக, 20 சதவீதம் கடினமாக. 2017 ஜனவரியில் 105 வயதில் பாரிசுக்கு அருகே ஒரு சைக்கிள் பந்தயத் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 22.547 கி.மீ. ஓட்டினார். 2021இல் 109 வயதில் இறந்தார். ஒரே ஒருவரை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் விட்டுப்போன உடம்பு திரும்பக் கற்காது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அவர் முகம்தான் நினைவுக்கு வரும். அந்த 80-20 பங்கீட்டை உங்களுக்கும் சொல்கிறேன்.

அனுமதி கிடைத்த பிறகு முதல் பன்னிரண்டு வாரம், வாரம் நான்கு நாள், மொத்தம் ஐந்தாறு மணி நேரம். மூன்று நாள் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம், அதில் ஒரு நாள் மட்டும் நீளமாக. நான்காவது நாள், ஆறாவது வாரத்திலிருந்து, கொஞ்சம் அழுத்தலாம்: எட்டு நிமிடம் கடினமாக, நான்கு நிமிடம் லேசாக, இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு நான்காவது வாரமும் நேரத்தைப் பாதியாக்கிவிடுங்கள். அது சோம்பல் இல்லை, உடம்பு கட்டிக்கொள்வது அந்த வாரத்தில்தான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரே சாலையில், நாளின் ஒரே வேளையில் இருபது நிமிடம் முழு முயற்சியில் ஓட்டி, எவ்வளவு தூரம் வந்தது என்று எழுதிவையுங்கள். சிறுவாணி ரோடு இதற்கு நல்லது, ஆனால் விடிவதற்கு முன்னால் அந்தப் பக்கமும் ஆனைக்கட்டி பக்கமும் போகாதீர்கள். யானை நடமாடும் பாதை. கல்லூரிக் கால நேரங்களைக் குறித்த பழைய நோட்டு இருந்தால் அதை இப்போதைக்கு மூடிவையுங்கள். புதிதாக ஒரு நோட்டு வாங்கி, இந்த உடம்பின் முதல் அளவிலிருந்து தொடங்குங்கள்.

சாப்பாட்டில் உங்களோடு நான் உடன்படவில்லை. அரிசியை நிறுத்தி, காப்பியோடு கிளம்பி, முழு வேகத்தில் ஓட்டினால் எடை முதலில் குறையும், கூடவே தசையும் குறையும். கடினமாக மிதிக்கும்போது எரிவது பெரும்பாலும் மாவுச்சத்துதான். கடினமான நாளில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சாப்பிடுங்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரில் 40 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை பிழிந்தால் விலை உயர்ந்த பவுடர்களின் வேலையை அது செய்துவிடும். இது ஓட்டும்போது மட்டும். ஆபீஸ் மேசையில் குடிப்பதற்கல்ல. ரத்தச் சர்க்கரை முடிவு எல்லை தாண்டியிருந்தால் இந்த அளவுகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பருப்பு, முட்டை, தயிர், மீன் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை கிராம் புரதம் வரட்டும். எடையை மாதம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று ஓட்டாத நேரத்து உணவிலிருந்து குறையுங்கள். ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பதே பலருக்கு அதைச் செய்துவிடுகிறது.

சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை. பரணிலிருந்து இறக்கிய ஹெல்மெட்டை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தலையில் போடாதீர்கள். பதினெட்டு வருட வெயிலும் வெப்பமும் பட்ட நுரை, அடி விழும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைமாறி வந்த கார்பன் சட்டத்தைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, முன் ஃபோர்க்கையும் ஹேண்டில் பாரையும் கழற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரில் 110, 120 பிஎஸ்ஐ காற்று அடித்திருப்பீர்கள். இப்போது நீங்கள் வைத்திருக்கும் 28 மில்லிமீட்டர் டயருக்கு, உங்கள் எடைக்கு, 70 முதல் 80 போதும். கல்லாக அடைத்தால் நம் சாலைகளில் டயர் குதிக்கும், பிடிப்பு போகும், கை மரத்துப்போகும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. கூட்டத்தில் ஓட்டுவது. சைக்கிள் ஓட்டக் கற்றது மறக்காது என்பது சமநிலைக்குச் சரி. ஐம்பது பேர் நடுவில், முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்கு ஒரு அடி இடைவெளியில், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓட்டுவது மறந்துபோகும். அது கண்ணும் கையும் சேர்ந்த பழக்கம், துருப்பிடிக்கும். எனக்கு இது சொந்த அனுபவம். ஒன்பது வருடம் விட்டுவிட்டு முதல் பந்தயத்துக்குப் போனேன். கால் நன்றாக இருந்தது, மூச்சு நன்றாக இருந்தது. பத்தாவது கி.மீ.யில் முன்னால் இருந்தவர் சீட்டிலிருந்து எழுந்தார். எழும்போது சைக்கிள் ஒரு சாண் பின்னால் வரும், பழைய நாளில் அது எனக்கு உடம்பிலேயே தெரிந்த விஷயம். அன்று என் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தோடு உரசியது. காறை எலும்பு முறிந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் விழுந்தார்கள். அதில் ஒருவருக்கு வயது பத்தொன்பது, அவருடைய மணிக்கட்டும் முறிந்தது. என் எலும்பு ஆறு வாரத்தில் கூடியது. அந்தப் பையனின் பந்தயப் பருவம் போனது இன்னும் உறுத்துகிறது.

அதனால் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதல் போட்டியாக ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்பும் டைம் டிரையலைத் தேர்ந்தெடுங்கள். எதிராளி கடிகாரம் மட்டும்தான், உரச ஆளில்லை. அடுத்தது மலையேற்றப் போட்டி. வேகம் குறைவு, கூட்டம் சீக்கிரம் பிரிந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரையிலான ஏற்றம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சுமார் 33 கி.மீ. அதில் அவசரமில்லாமல் ஏறிப் பழகுங்கள். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் பந்தயம் கடைசியில். அதற்கு முன்னால் நான்கைந்து மாதமாவது ஏதாவது ஒரு குழுவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுங்கள். முதல் வாரமே நடுவில் நுழையாமல் கடைசியில் ஓட்டி, கை சைகைகளைக் கவனியுங்கள். முன்சக்கரத்தை யாருடைய பின்சக்கரத்துக்கும் பக்கவாட்டில் கொண்டுபோய் வைக்காதீர்கள். கண் முன்னவரின் டயரில் நிற்காமல் அவர் தோளுக்கு மேலாக முன்னால் பார்க்கட்டும். டிஸ்க் பிரேக் வந்த பிறகு முன்னால் இருப்பவர் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிற்பார், அதையும் கணக்கில் வையுங்கள். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பக்கவாட்டில் அடிக்கும்போது அந்தக் குழுவோடு போய்ப் பாருங்கள். காற்றுக்குச் சாய்வாக வரிசை அமைத்து, மாறி மாறி முன்னால் வருவதை அதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் சாலை நம் பகுதியில் எனக்குத் தெரிந்து இல்லை.

மார்ச் பந்தயத்துக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஓட்ட வேண்டாம். ஆனால் அன்று அங்கே போங்கள். திருப்பங்களில் கொடி பிடிக்க, தண்ணீர் கொடுக்க ஆள் எப்போதும் பற்றாக்குறைதான். இன்றைய அமெச்சூர் பந்தயம் எப்படிக் கிளம்புகிறது, முதல் ஐந்து கி.மீ. எவ்வளவு வேகமாகப் போகிறது, உங்கள் வயதுப் பிரிவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஓரத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். இதயம் அனுமதித்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு டைம் டிரையல் சாத்தியம் என்றுதான் நினைக்கிறேன்.

மனைவி கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். தேவையா என்று அவர் கேட்பது சைக்கிளைப் பற்றி இல்லை. மாமனார் போனதைப் பார்த்த வீடு அது. நீங்கள் தாடை இறுக்கத்தை வாயு என்று சொல்லித் தள்ளியபோது அவர் நம்பவில்லை, அவர் நம்பாததுதான் சரி. டிஎம்டிக்கு அவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவரிடம் அவரே நேராகக் கேட்கட்டும். எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு, எப்போது திரும்புவீர்கள் என்று கிளம்பும் முன் சொல்லிவிட்டுப் போங்கள், பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். ஒருவேளை அப்பாவின் பழைய மருத்துவச் சீட்டுகள், இசிஜி தாள்கள் அம்மாவிடம் இருக்கலாம். தேடி எடுத்து அந்தக் கோப்பையும் கொண்டுபோங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு முதல் பன்னிரண்டு வாரத்தை நாள்வாரியாகப் போட்டு அனுப்புகிறேன்.